தானே காலி செய்துகொள்ளும் இயந்திரம்

"அது நாயா, வண்டியா, ஆளா? மூணுல ஒண்ணைச் சொல்லும்மா. நாலாவது எங்க சங்க பைலாவுல கிடையாது."

"தொடப்பம் சார். கரண்டுல ஓடற தொடப்பம். எத்தனை வாட்டி சொல்றது?"

"தொடப்பம் தானா நகருமா?"

"நகராது."

"இது நகருமில்ல?"

"நகரும்."

"அப்ப தொடப்பம்னு நான் எப்பிடி எழுதறது? நாளைக்கு ஆடிட்டுல என்னைத்தான் கேப்பாங்க."

"யாரு சார் உங்களை ஆடிட் பண்றது? ரிட்டயர் ஆயி வீட்ல இருக்கறீங்க."

ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தபோதே நிர்மலாவின் குரல் வெளியே வரை கேட்டது என்றால், எந்த அளவுக்குக் கத்தியிருப்பாள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். நான் தண்ணி லாரி ஏன் வரவில்லை என்று கேட்கத்தான் சங்க அலுவலகத்துக்குப் போயிருந்தேன். தண்ணி எங்கே போகிறது, வரும்போது வரும். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

நாற்காலிக்கு எதிரே எங்கள் மல்லிகை என்கிளேவ் குடியிருப்போர் நலச் சங்கத்தின் தலைவர் சிவராஜ். ஓசூரில் ஒரு கியர் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுத் துறைக்குத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். கம்பெனி அவரை விட்டுவிட்டது, அவர்தான் கம்பெனியை விடவில்லை. எங்கள் மாடிப்படிகளில் மஞ்சள் கோடு அவர் போட்டதுதான். செருப்பு விடுகிற இடத்தில் செருப்பு வடிவத்தில் பெயிண்ட் அடித்து வைத்திருக்கிறார். எங்கள் வீட்டுக்காரர் கால் பெரிது, அந்த அச்சில் அடங்காது. அதற்கே ஒரு முறை நோட்டீஸ் வந்தது.

அவருக்கு வலப்பக்கம் செயலாளர் மாதேஸ்வரன். அதே மாதிரி இன்னொரு கம்பெனியில் பர்ச்சேஸ் பிரிவு. எந்தக் கடிதம் வந்தாலும் அதில் முக்கியமான இரண்டு வார்த்தையை மட்டும் படித்து மேலே அனுப்பிப் பழகிய மனிதர். இந்தக் கதை முழுவதும் அந்தப் பழக்கத்தால் வந்ததுதான்.

நிர்மலா எனக்கு எதிர்வீடு. அவளுக்கு முதுகில் ஜவ்வு விலகிவிட்டது. குனியக் கூடாது, பெருக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேலைக்கு ஆள் வைக்கலாம் என்றால் ஆள் எங்கே? எங்கள் பக்கத்தில் வீட்டு வேலை செய்துகொண்டிருந்த பெண்கள் எல்லாம் இப்போது காலையில் கம்பெனி பஸ் ஏறிப் போகிறார்கள். போன மாதம் வரை நம் வீட்டில் பாத்திரம் தேய்த்தவள் இந்த மாதம் கழுத்தில் அட்டை தொங்கவிட்டுக்கொண்டு நம்மைப் பார்த்து "ஹாய் அக்கா" என்கிறாள். நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை.

நிர்மலாவின் கணவர் கோபி ஷிஃப்ட் வேலைக்காரர். பொண்டாட்டிக்கும் அம்மாவுக்கும் நடுவில் ஏதாவது பேச்சு வந்தால் "எனக்கு செகண்ட் ஷிஃப்ட்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார். நைட் ஷிஃப்ட் வாரத்திலும் அதையே சொல்வார். பெருக்க முடியாத மருமகள் என்ற செய்தி உத்தனப்பள்ளிக்குப் போய்ச் சேர்ந்ததும் அங்கிருந்து மாமியார் சரோஜம்மாள் போன் பண்ணிச் சொன்னது ஒரே வாக்கியம்.

"ராகி அறுப்பு முடியட்டும், நான் வந்து ஒரேயடியா அங்கியே இருந்துக்கறேன்."

நிர்மலாவுக்குப் பயம் முதுகைப் பற்றியதே இல்லை, இதைப் பற்றித்தான். போன தடவை மாமியார் சும்மா வந்து தங்கியபோது சமையலறை டப்பாக்களை எல்லாம் இடம் மாற்றி வைத்துவிட்டுப் போனார்கள். சீரகம் இன்னும் கிடைக்கவில்லை. "சும்மா வந்ததுக்கே சீரகம் போச்சுக்கா. ஒரேயடியா வந்தா நான் எங்க போவேன்னு தெரியல" என்று என்னிடம் சொன்னாள். நான் யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம்தான் சொல்கிறேன்.

அப்போதுதான் அவளுக்கு அந்த ரோபோ யோசனை வந்தது. வட்டமாக ஆமை மாதிரி இருக்கும், தரையில் ஓடித் தூசியை உறிஞ்சும். அது மட்டும் என்றால் பரவாயில்லை, உறிஞ்சிய தூசியைக் கொட்டுவதற்கு மறுபடியும் குனிய வேண்டுமே. அதனால் தன் கூண்டுக்குத் தானே திரும்பிப் போய், வயிற்றில் இருப்பதை அங்கே இருக்கிற பையில் கொட்டிவிடும் ரகம் ஒன்று இருக்கிறதாம். அதில்தான் பல மாடல். எதை எடுப்பது என்று தெரியாமல் எங்கள் வாட்ஸாப் குழுவில் பொதுவாக ஒரு கேள்வி கேட்டாள்: "எங்க வீட்டுக்கு தானே காலி பண்ற மாடல் பாக்கறோம். எது நல்லதுன்னு யாராச்சும் சொல்லுங்க."

மாதேஸ்வரன் தன் வழக்கப்படி இரண்டு வார்த்தை படித்தார். வீடு. காலி.

அன்றைக்குச் சாயங்காலமே நோட்டீஸ் பலகையில் அவர்கள் வீட்டு எண் போட்டு "விரைவில் காலி" என்று எழுதியிருந்தது. அடுத்த நாள் காலையில் புரோக்கர்கள் வர ஆரம்பித்தார்கள். ஓசூரில் தமிழ்க்காரர், கன்னடக்காரர், தெலுங்குக்காரர் யாராக இருந்தாலும் காலி என்றால் காலிதான், மூன்று பாஷையிலும் ஒரே அர்த்தம். பெங்களூரிலிருந்து வந்த ஒரு குடும்பம் "மனெ காலி இதெயா?", வீடு காலியா என்று கன்னடத்தில் கேட்டுக்கொண்டே உள்ளே நுழைந்து, நிர்மலா வாயைத் திறப்பதற்குள் சமையலறை மேடையை அளந்துவிட்டது. அந்த அம்மாளுக்கு மேடை உயரம் பிடிக்கவில்லை. நிர்மலாவிடமே குறை சொன்னாள்.

செய்தி உத்தனப்பள்ளிக்கும் போனது. அங்கே போகிற வழியில் அது கொஞ்சம் மாறிப்போனது. "என்னைக் காலி பண்றதுக்கு உன் பொண்டாட்டி மிஷின் வாங்கறாளாமே" என்று சரோஜம்மாள் மகனைக் கேட்டார்கள். கோபி தனக்கு செகண்ட் ஷிஃப்ட் என்றார்.

தான் காலி செய்யவில்லை, வாங்கப்போகிற மிஷின்தான் காலி செய்யும் என்று விளக்கம் சொல்வதற்காக நிர்மலா சங்க அலுவலகத்துக்குப் போனாள். அங்கே போகாமலே இருந்திருக்கலாம். தானாக நகரும் எந்த ஒன்றும் வளாகத்துக்குள் வர வேண்டுமானால் அதைப் பதிவு செய்ய வேண்டும் என்று சிவராஜ் பிடித்துக்கொண்டார். அந்த இடத்தில்தான் நாம் உள்ளே வந்தோம்.

"நாய்னு போடலாமா சார்?" என்று மாதேஸ்வரன் சமாதானத்துக்கு வந்தார். "தானா நகருது, வீட்டுக்குள்ள சுத்துது, கழிவையும் தானே வெளியேத்துது."

"நாய்னா தடுப்பூசி சர்ட்டிபிகேட் வேணும்" என்றார் சிவராஜ்.

"வண்டி?"

"வண்டின்னா பார்க்கிங் ஒதுக்கணும். ஒரு வீட்டுக்கு ஒண்ணுதான். இவங்களுக்கு ஸ்கூட்டர் இருக்குது."

அரை மணி நேரம் யோசித்து, அது வீட்டு வேலை செய்வதால் ஆள்தான் என்று முடிவானது. வேலைக்கு வருகிற ஆட்களுக்கு என்னென்ன விதியோ அதெல்லாம் அதற்கும் பொருந்தும். போட்டோ ஒட்டிய அடையாள அட்டை. ஞாயிற்றுக்கிழமை லீவு. லிஃப்டில் ஏறக் கூடாது. கேட்டில் இருக்கும் செக்யூரிட்டி அட்டையை எழுதும்போது தகப்பனார் பெயர் என்ற இடத்துக்கு வந்து கொஞ்சம் திணறினார். பிறகு கோபியின் பெயரை எழுதினார்.

அத்தோடு விட்டார்களா என்றால் இல்லை. எந்த மாடல் என்பதை நிர்மலா தானே தேர்ந்தெடுத்துவிடக் கூடாது, சங்கம்தான் தேர்ந்தெடுக்கும் என்றார் சிவராஜ். இன்றைக்கு இவள் ஒன்று வாங்குவாள், நாளைக்கு இன்னொருத்தி வேறொன்று வாங்குவாள், வளாகத்தில் ஒரே சீர்மை இருக்காது. உடனே ஓர் உபகுழு அமைந்தது. சிவராஜ் தலைவர், மாதேஸ்வரன் உறுப்பினர்.

உபகுழுவின் முதல் கூட்டத்துக்கு எல்லோரையும் அழைத்திருந்தார்கள். டீயும் மசால் வடையும் இருந்ததால் கூட்டம் நன்றாகவே சேர்ந்தது. சிவராஜ் எழுந்து பேசினார்.

"எந்தத் தூசியை எடுக்கப்போறோம்னு தெரியாம எந்த மிஷினை எடுக்கறது? முதல்ல தூசிக்கு ஒரு ஸ்டாண்டர்டு வேணும். நான் கம்பெனியில இருந்தவரைக்கும் என் கையெழுத்துல ஒரு பழுதான பீஸ்கூட வெளிய போனதில்ல. ஏன் போகலன்னு கேப்பீங்க. நான் எதுக்குமே கையெழுத்துப் போடல. லாரி வந்து கேட்டுல நிக்கும், டிரைவர் கீழ எறங்கி நிப்பான், ப்ரொடக்‌ஷன் மேனேஜர் என் டேபிள் முன்னாடி நிப்பாரு. நான் அசையமாட்டேன். நான் ரிட்டயர் ஆன அந்த வாரமே டிஸ்பாட்ச் ரெண்டு மடங்கு ஆச்சுன்னு சொன்னாங்க. அந்த அளவுக்கு நான் தரத்தைத் தேக்கி வெச்சிருந்தேன்."

கை தட்டினார்கள். வடை வருவதற்கு முன்னால் கை தட்டுவது எங்கள் வழக்கம்.

ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு கவர் தூசி, வீட்டு எண் எழுதி, அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவானது. இதில் வந்த சங்கடத்தை ஆண்பிள்ளைகள் யாரும் யோசிக்கவில்லை. கவர் நிறையக் கொடுத்தால் வீட்டைப் பெருக்குவதே இல்லை என்று ஆகிவிடும். கொஞ்சமாகக் கொடுத்தால் ஒளித்து வைக்கிறாள் என்பார்கள். முதல் மாடிக்காரி ஒருத்தி தூசியைச் சலித்து, கொஞ்சம் மஞ்சள் தூளும் போட்டுப் பளிச்சென்று கொடுத்தாள். மாதேஸ்வரன் வீட்டு அம்மா தன் வீட்டுத் தூசியைக் காட்ட மனமில்லாமல் மொட்டை மாடியைப் பெருக்கிக் கொடுத்துவிட்டாள், அதில் புறா இறகு இருந்தது. பூனையே வளர்க்கவில்லை என்று சத்தியம் செய்துகொண்டிருந்தவர்கள் வீட்டுக் கவரில் வெள்ளை முடி. சபரிமலைக்கு மாலை போட்டிருந்தவர் வீட்டுக் கவரில் சிகரெட் சாம்பல். கவர்களை அடுக்கி வைக்க அலுவலகத்தில் கை உதவிக்கு ஆள் கேட்டார்கள். நான்தான் போனேன். பொதுக் காரியம் என்றால் என்னால் சும்மா இருக்க முடியாது.

எல்லாத் தூசியையும் ஒரு பேசினில் போட்டுக் கலந்து, ஒரு ஜாடியில் அடைத்து, "மாஸ்டர் சாம்பிள்" என்று ஒட்டிப் பீரோவில் வைத்துப் பூட்டினார் சிவராஜ். மிஷின்களைப் பார்க்கும் நாள் வந்ததும் நிர்மலா அந்த ஜாடியைக் கேட்டாள். அவர் அதிர்ந்துபோனார்.

"மாஸ்டர் சாம்பிளை யாராவது யூஸ் பண்ணுவாங்களாம்மா? அது ரெஃபரன்ஸ். தொடக் கூடாது. உங்க வீட்ல ராகி மாவு இருந்தா எடுத்துட்டு வாங்க."

பார்ட்டி ஹாலில் தரையெல்லாம் ராகி மாவைத் தூவினார்கள். பாகலூர் ரோட்டில் இருக்கும் ஷோரூமிலிருந்து மூன்று மிஷினோடு வினிதா என்ற பெண் வந்திருந்தாள். ஆனேக்கல்காரி. கன்னடமும் தமிழும் ஒரே மூச்சில் பேசுவாள். முதல் மிஷின் ஒரு சுற்றுச் சுற்றி மாவை முழுங்கிவிட்டுக் கூண்டுக்குத் திரும்பி, மிக்ஸி ஓடுவதுபோல் சத்தம் போட்டு வயிற்றைக் காலி செய்தது. எல்லோருக்கும் ஆச்சரியமாக இருந்தது. சிவராஜுக்கு இல்லை.

"எங்க போச்சு?"

"பைக்குள்ள போச்சு சார். நோடி, இங்க பாருங்க."

"பை ரொம்பினா?"

"எடுத்துப் போட்டுட்டு வேற பை மாட்டணும் சார்."

"யாரு?"

"மனையவங்கதான் சார். வீட்டுக்காரங்க."

"அப்ப இது தானே காலி பண்ணலையேம்மா. ஒரு எடத்துல இருக்கறதை இன்னொரு எடத்துக்கு மாத்துது. நாங்க கம்பெனியில இதைக் காலின்னு சொல்லமாட்டோம், ஸ்டாக் டிரான்ஸ்ஃபர்னு சொல்லுவோம்."

இரண்டாவது மிஷினுக்குப் பை கிடையாது, டப்பாதான். டப்பாவை யார் கொட்டுவது என்று கேட்டார். அதே பதில். மூன்றாவது தரையைத் துடைக்கவும் செய்யும், துடைத்த துணியையும் தானே அலசிக்கொள்ளும். அந்த அழுக்குத் தண்ணீரை யார் கொட்டுவது என்றார். அதுவும் இல்லாமல் தண்ணி லாரிக்கே வழியில்லாத இடத்தில் மிஷினுக்கெல்லாம் குளிக்கத் தண்ணி கொடுக்க முடியாது என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். அது நான்தான்.

"சார், எனக்குப் பை வெச்சதே போதும்" என்றாள் நிர்மலா. "பை கூண்டோட மேல்பக்கம் இருக்குது, ஸ்டூல்ல உக்காந்தே எடுத்துடலாம், குனிய வேணாம். மாசத்துக்கு ஒரு வாட்டிதான். கையெழுத்துப் போட்டுக் குடுங்க, காசு குடுத்து வாங்கிக்கறேன்."

கையெழுத்து என்ற வார்த்தையைக் கேட்டதும் சிவராஜின் முகம் மாறிவிட்டது. பேனாவைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார், மூடியைத் திறந்தார், மூடினார், பையில் வைத்தார்.

"நேரா அப்ரூவல் குடுக்க முடியாது. ரிஜெக்டும் பண்ணமாட்டேன், அது நியாயமில்ல. லைன் ட்ரையல் போடலாம். மிஷின் இந்தம்மா வீட்லயே ஓடட்டும். நாங்க கண்காணிப்போம்."

"எத்தனை நாள் சார்?" என்றாள் வினிதா.

"ட்ரையல் முடியறவரைக்கும்."

"ட்ரையல் எப்ப முடியும் சார்?"

"ரிசல்ட் வந்ததும்."

"ரிசல்ட் எப்ப வரும்?"

"ட்ரையல் முடிஞ்சதும்."

வினிதா ஷோரூமுக்குப் போன் பண்ணினாள். ட்ரையல் நல்லபடியாக முடிந்தால் வளாகமே வாங்கும் என்று மாதேஸ்வரன் போனை வாங்கி வாய்க்கு வந்தபடி அடித்துவிட்டார். பை வைத்த மிஷினை விட்டுவிட்டு வரச் சொல்லிவிட்டார்கள் ஷோரூம்காரர்கள்.

நிர்மலா வீட்டில் அது நன்றாகத்தான் ஓடியது. காலையில் சோபாவில் சாய்ந்துகொண்டு காபி குடிப்பாள், அது காலடியில் சுற்றிவிட்டுப் போகும். மகள் ஹரிணி ஸ்கூலுக்குக் கிளம்பும்போது அதற்கும் டாட்டா சொல்லுவாள். கூண்டில் அடையாள அட்டை தொங்கிக்கொண்டிருக்கும். வாசற்கதவில் சிவராஜ் ஒரு மஞ்சள் அட்டை ஒட்டியிருந்தார்: "ட்ரையல் நடக்கிறது. ஃபோர் எம் மாற்றக் கூடாது."

இது ஓசூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டாம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஃபேக்டரிகளில் மேன், மெஷின், மெட்டீரியல், மெத்தட் என்று நாலு எம். வேலை செய்யும் ஆள், மிஷின், பொருள், செய்யும் முறை. இந்த நாலில் ஒன்றை மாற்றினாலும் மேலே இருப்பவர்களின் அனுமதி வேண்டும், இல்லாவிட்டால் வருகிற பீஸ் எதுவும் செல்லாது. இங்கே பத்தாவது படிக்கிற பிள்ளைகூட இதைச் சொல்லும், அப்பா ராத்திரிச் சாப்பாட்டில் இதைத்தானே பேசுகிறார்.

சிவராஜ் வாரா வாரம் வருவார். டைல்ஸில் விரலைத் தேய்த்துப் பார்ப்பார். முதல் தடவை நிர்மலா "நல்லா இருக்குதுங்க சார், எந்தக் குறையும் இல்ல" என்றாள். அவர் முகம் சுண்டிப்போனது. குறை இல்லை என்று சொல்லுபவன் சரியாகப் பார்க்கவில்லை என்று அர்த்தம் என்றார். அடுத்த தடவை அவள் எதற்கோ "கட்டில் பக்கத்துல இடது மூலையில கொஞ்சம் தூசி நிக்குதுங்க சார்" என்றாள். மனிதருக்கு அப்படி ஒரு சந்தோஷம். உட்கார்ந்து காபி கேட்டு வாங்கிக் குடித்தார். ட்ரையலை நீட்டித்தார். ட்ரையல் நீளும்வரை மிஷின் வீட்டில் இருக்கும், பைசா கொடுக்க வேண்டாம் என்பது நிர்மலாவுக்கு அந்தக் காபி ஆறுவதற்குள் புரிந்துவிட்டது. அன்றிலிருந்து அந்த இடது மூலையை அவள் காப்பாற்றி வந்தாள்.

ராகி அறுப்பு முடிந்தது. சரோஜம்மாள் நிலத்தைக் குத்தகைக்குப் பேசிவிட்டு, இரண்டு மூட்டை ராகி, ஒரு டிரங்குப் பெட்டி, தக்காளிக் கூடை சகிதம் ஆட்டோவில் வந்து கேட்டில் இறங்கினார்கள். நான் அப்போது பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். உலர்ந்த துணியை எடுத்து மறுபடியும் உலர்த்தினேன்.

செக்யூரிட்டி போய்ச் சங்கத் தலைவருக்குச் சொல்ல, சிவராஜ் கேட்டுக்கே வந்துவிட்டார்.

"எத்தனை நாள் தங்கறீங்க?"

"இன்னாது? எம்மவன் வூட்ல தங்கறதுக்கு உங்ககிட்ட நாள் சொல்லணுமா? ஒரேயடியா இருக்கத்தான் வந்தேன்."

"அப்ப முடியாதும்மா. அது மேன் சேஞ்ச்."

"மேஞ்சா? யாரு மேஞ்சா? ஏனய்யா, என்னை மாடுங்கறியா?"

"இல்லம்மா, ஆள் மாற்றம். அந்த வீட்ல ட்ரையல் ஓடுது. மூணு பேருக்குன்னு ஆரம்பிச்சது. நீங்க போனா நாலு. நீங்க நடப்பீங்க, தூசி வரும். நீங்க தொடப்பத்தைத் தொட்டா மெத்தட் சேஞ்ச். இந்த ராகி மூட்டை மெட்டீரியல் சேஞ்ச். மூணு எம்மை ஒரே நாள்ல யாரும் மாத்தமாட்டாங்க. எங்க கம்பெனிக்கு வர்ற ஜப்பான்காரனே ஒத்துக்கமாட்டான்."

"ஜப்பான்காரன் யாரு எம்மவன் வூட்டைப் பத்திப் பேச? கோபி எங்க? கூப்புடு அவனை."

கோபி ஷிஃப்டில் இருந்தார். இந்த முறை நிஜமாகவே. நிர்மலா இடுப்பில் பெல்ட்டோடு மெல்ல இறங்கி வந்தாள்.

"நீ சொல்லும்மே, நான் வரலாமா கூடாதா?"

நிர்மலா மாமியாரைப் பார்த்தாள், சிவராஜைப் பார்த்தாள், தக்காளிக் கூடையைப் பார்த்தாள். "நான் வாங்கன்னுதான் சொல்லுவேன் அத்தே. இவங்க ரூலு. நான் இன்னா பண்ணட்டும்?" என்றாள். குரல் அவ்வளவு தாழ்ந்து அவள் பேசி நான் கேட்டதே இல்லை. பால்கனியிலிருந்து குனிய வேண்டியதாகிவிட்டது.

சரோஜம்மாள் தக்காளிக் கூடையை மட்டும் இறக்கி வைத்துவிட்டு அதே ஆட்டோவில் ஏறிப் போனார்கள். சிவராஜ் செக்யூரிட்டியிடம் அந்தக் கூடையை "நுழைவு மறுக்கப்பட்ட பொருள்" என்று எழுதிக்கொள்ளச் சொன்னார். தக்காளி நன்றாக இருந்தது. எல்லா வீட்டுக்கும் கொஞ்சம் வந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் நிர்மலா எனக்குப் பாயசம் கொண்டுவந்து கொடுத்தாள்.

அவரைக்காய் வரத்து தொடங்கிய சமயம், கெலமங்கலத்திலிருந்து இன்னொருத்தர் வந்து இறங்கினார். சம்பங்கியம்மா, நிர்மலாவைப் பெற்றவர். மகளுக்கு முதுகு சரியில்லையே என்று நாலு நாள் பார்த்துக்கொள்ள வந்தவர். அவரைக்கொட்டையை ஊறவைத்துத் தோல் பிதுக்கி, அந்தப் பருப்பை ஈரத் துணியில் கட்டித் தூக்குப் பாத்திரத்தில் கொண்டுவந்திருந்தார். நிர்மலாவுக்கு அதில் வைக்கும் குழம்பு என்றால் உயிர்.

சிவராஜ் கேட்டில் நின்றார். ஆள் மாற்றம் என்றார்.

"நாலு நாள்தானுங்க. எம்பொண்ணுக்குத்தானே" என்றார் சம்பங்கியம்மா. சண்டை போடத் தெரியாத மனுஷி. தூக்கை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டு நின்றார்.

அந்தப் பக்கமாக வந்த மாதேஸ்வரனுக்கே பொறுக்கவில்லை. "சார், பாவம் வயசானவங்க. ட்ரையலை க்ளோஸ் பண்ணிடலாமே. மிஷின் பாஸ்னு போட்டுட்டா யார் வேணும்னாலும் வரலாம், போலாம்" என்றார்.

சிவராஜ் பேனாவை எடுத்தார். மூடியைத் திறந்து, மூடாமல் வைத்துக்கொண்டார். அவர் வாழ்க்கையில் அப்படி வைத்துக்கொண்டது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

"ஆபரேட்டர் சொல்லட்டும். எல்லாம் ஓ.கே.ன்னு நிர்மலா தன் வாயால சொன்னா நான் கையெழுத்துப் போடறேன்."

எல்லோரும் நிர்மலாவைப் பார்த்தோம். யார் வேண்டுமானாலும் வரலாம் என்றால் யார் யார் வரலாம் என்று அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். தூக்கின் மூடிக்கு வெளியே நீண்டிருந்த ஈரத் துணி முனையிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் தரையில் விழுந்துகொண்டிருந்தது. அம்மாவின் முகத்தை அவள் பார்க்கவே இல்லை.

"இடது மூலையில இன்னும் கொஞ்சம் நிக்குதுங்க சார்" என்றாள்.

சிவராஜ் மூச்சு விட்டார். பேனாவை மூடினார்.

சம்பங்கியம்மாவைக் ஆட்டோவில் கூட்டிப்போய்க் கெலமங்கலம் பஸ் ஏற்றிவிட்டது நான்தான். "எம்பொண்ணு எதுனா மூலைன்னு சொல்லிச்சே, இன்னா மூலைம்மா அது?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். வீட்டு மூலைதான் என்றேன். தூக்கை என் கையில் கொடுத்தார். நிர்மலாவிடம் கொடுக்கச் சொல்லித்தான் கொடுத்தார். நான் கொண்டுபோய்க் கொடுத்தேன், அவள் வாங்கவில்லை. அதனால் நாங்கள்தான் குழம்பு வைத்தோம்.

அதற்கப்புறம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். ட்ரையல் கணக்குக்காக ஷோரூமிலிருந்து வாரா வாரம் அளவு எடுக்க வந்துகொண்டிருந்த வினிதாவுக்குப் பேனாவும் அளவுநாடாவும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த மாதேஸ்வரனின் மகன் அவளையே கட்டிக்கொண்டான். கல்யாணம் ஆனேக்கல்லில், பந்தியில் ஒப்பட்டு, நம்ம போளிதான், பிரமாதம். இரண்டு பேரும் ஹூப்ளிக்குக் குடிபோய்விட்டார்கள். சிவராஜ் மைசூரில் மகள் வீட்டோடு போய்விட்டார். அங்கே மாடிப்படியில் மஞ்சள் கோடு போட ஆரம்பித்திருக்கிறாராம். ட்ரையல் முடிந்ததாகவும் எழுதவில்லை, முடியவில்லை என்றும் எழுதவில்லை. ஷோரூமை மூடி அந்த இடத்தில் இப்போது பிரியாணிக் கடை வந்துவிட்டது, மிஷினைக் கேட்க யாரும் இல்லை. கேட்டில் நிறுத்தவும் யாரும் இல்லை. யார் வேண்டுமானாலும் வரலாம்.

யாரும் வருவதில்லை. சரோஜம்மாளை அவருடைய இளைய மகன் கிருஷ்ணகிரிக்குக் கூப்பிட்டார், இளைய மருமகள் முனிலட்சுமியும் கூப்பிட்டாள். போகவில்லை. குத்தகையை ரத்து செய்துவிட்டு உத்தனப்பள்ளி வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். கெலமங்கலத்தில் தனியாக இருந்த சம்பந்தி சம்பங்கியம்மாவைப் பார்க்க ஒரு நாள் போனவர்கள், "இங்க ஒண்டியா இன்னா பண்ற, வா" என்று கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். இப்போது சம்பந்தி இரண்டு பேரும் ஒரே வீடு. தக்காளி வைத்திருக்கிறார்கள், ஓரத்தில் அவரை. அந்த ஊரில் எனக்கு நாத்தனார் முறையில் ஒருத்தி இருக்கிறாள், ராத்திரி எட்டு மணிக்கு மேல் அந்த வீட்டிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்கும் என்கிறாள்.

கோபி லீவு நாளில் எல்லாம் அங்கே போய்விடுகிறார். முதலில் தனியாகப் போனார். இந்த வாரம் ஹரிணியும் ஸ்கூட்டரில் முன்னால் ஏறிக்கொண்டு போனாள். நிர்மலா கதவைத் திறந்துவைத்து சோபாவில் உட்கார்ந்திருந்தாள். தரை கண்ணாடி மாதிரி இருந்தது.

"நீ போகலையா நிர்மலா?" என்று வாசலில் நின்றே கேட்டேன்.

"அங்க இடம் பத்தாதாம் அக்கா" என்றாள்.